ஒரு நேர்கோடும் முப்பது வருடக் கதையும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பெரியத்தையை உட்கார வைத்து நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். அத்தைக்கு 86 வயது. நம் குடும்பத்தில் அந்தப் பாட்டுகள் முழுசாகத் தெரிந்தவர் இன்று அவர் ஒருவர்தான். நாற்பது நிமிடம் மூச்சு வாங்க வாங்கப் பாடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை. முடிந்ததும் பார்த்தால், அலை அலையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு. "ஏண்டா தம்பி, பாட்டு எங்கடா போச்சு?" என்றார் அத்தை.

என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. அதில் என் மாணவன் ஒருவன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளை நானே நிறுவினேன். கருப்புத் திரையில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆடாசிட்டி' என்று நான்கே சொற்கள். மற்றதைக் கணினியே பார்த்துக்கொண்டது. அப்புறம் எங்கே தப்பு? ஒலிக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தேன். அல்சா, பல்ஸ், ஜாக் என்று என்னென்னவோ பெயர்கள். இவர்கள் எல்லாம் யார் என்று தேடப் போனவன், இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்தில் மாணவராக இருந்தபோது 1991இல் லினக்ஸை வெளியிட்டார். அப்போது அது ஊமை. மறு வருடமே அதே நாட்டுக்காரர் ஹன்னு சவோலைனன், சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை அதில் பேச வைக்கும் நிரலை எழுதத் தொடங்கினார். அதுதான் ஓ.எஸ்.எஸ். என்ற ஒலி அமைப்பாக வளர்ந்தது. குறை என்னவென்றால், பெரும்பாலான அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஒலியைப் பயன்படுத்த முடியும். வகுப்பில் ஒரு பையன் எழுந்து பேசினால் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பதுபோல!

அடுத்து வந்தவர் செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசேலா. தன்னிடம் இருந்த கிராவிஸ் அட்டைக்காக எழுத ஆரம்பித்தது, 1998இல் அல்சா ஆயிற்று. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கருவில் அதுவே முதன்மை இடத்தைப் பிடித்தது. 2004இல் ஜெர்மானியர் லெனார்ட் போட்டரிங் அதற்கு மேல் ஓர் அடுக்காக பல்ஸ்ஆடியோவை உருவாக்கினார். பல மென்பொருள்களின் ஒலியை ஒன்றாகக் கலந்து கொடுப்பது அதன் வேலை. 2008இல் உபுண்டுவில் அது வந்தபோது, இருந்த சத்தமும் போய்விட்டது என்று பலர் திட்டித் தீர்த்தார்களாம். இப்போது புதிய லினக்ஸ்களில் பைப்வயர் வந்துவிட்டது. பழையது எதையும் சட்டென்று தூக்கி எறியவில்லை. புதியவர் பழையவரின் பேச்சையும் புரிந்துகொள்வார். அந்தப் பட்டியலில் அத்தனை பெயர்கள் நிற்பது அதனால்தான். கல்வெட்டுபோல அடுக்கடுக்காக இருக்கிறது.

ஆடாசிட்டியின் பிறப்பு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மாசோனி என்ற ஆராய்ச்சி மாணவரும் ரோஜர் டேனன்பர்க் என்ற பேராசிரியரும் 1999இல் தொடங்கி, 2000 மே மாதம் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்தது என்றதும் எனக்குத் தனி சந்தோஷம், மறைப்பானேன்! ஆனால் எம்பி3 ஆகச் சேமிக்க வேண்டுமானால் லேம் என்ற துணை நிரலைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. எம்பி3க்குக் காப்புரிமை இருந்ததே காரணம். 2017இல் அந்தக் காப்புரிமைத் தொல்லை ஒழிந்தது.

அந்த நான்கு சொற்களும் சும்மா வந்தவை அல்ல. ஆரம்ப காலத்தில் மூல நிரலை இறக்கி, நாமே தொகுத்து, 'இன்ன நூலகம் இல்லை' என்று கணினி சொன்னால் அதைத் தேடி, அது இன்னொன்றைக் கேட்டால் அதையும் தேடி அலைய வேண்டும். டெபியன் குழுவினர் எழுதிய ஆப்ட்தான் அந்த அலைச்சலைத் தன் தலையில் போட்டுக்கொண்டது.

சரி, என் தப்பு என்ன? ஆடாசிட்டியைத் திறந்த பிறகுதான் யு.எஸ்.பி. மைக்கைச் செருகினேன். திறக்கும்போது இருந்த கருவிகள்தான் அதன் பட்டியலில் இருக்கும். நான் தேர்ந்தெடுத்தது எதுவுமே செருகாத வேறொரு துளை! கருவிகளை மறுபடி தேடச் சொல்லும் கட்டளை அதிலேயே இருக்கிறது. ஒரு தரம் சொடுக்கினேன், மைக்கின் பெயர் வந்து நின்றது.

நேற்று அத்தை மறுபடி உட்கார்ந்தார். முதலில் "ஒண்ணு ரெண்டு" சொல்ல வைத்து, அலை எழும்பியதைப் பார்த்த பிறகே பாடச் சொன்னேன். இம்முறை 22 நிமிடம்தான் முடிந்தது. போன மாதம் பாடிய இரண்டு பாட்டு இப்போது நினைவுக்கு வரவில்லை என்கிறார். அதில் ஒன்று நாற்று முடி தூக்கி வரும்போது பாடுவது. யார் வீட்டிலாவது அது தெரிந்த பெரியவர்கள் இருந்தால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். மைக்கை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.