சூபிக் வளைகுடாவில் மூன்று வாரங்கள்

உலகப் படத்தை விரித்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பாருங்கள். லூசோன் என்னும் பெருந்தீவின் மேற்குக் கரையில், தலைநகராகிய மணிலாவுக்கு வடமேற்கே, கடல் நிலத்துள் புகுந்து ஒதுங்கி நிற்கும் ஓரிடம் தென்படும். அதுவே சூபிக் வளைகுடா. நீர் ஆழமானது, சுற்றிலும் காடடர்ந்த மலைகள். புயல் ஓயாத அக்கடலில் கப்பலோட்டிகளுக்கு அத்தகைய புகலிடம் கிடைப்பது அரிது. 1885ஆம் ஆண்டிலேயே ஸ்பானியர் அங்கே கடற்படைத் தளம் அமைக்கத் தொடங்கிவிட்டனர். 1898ஆம் ஆண்டுப் போரில் ஸ்பெயின் தோற்றது. தீவுகளோடு வளைகுடாவும் அமெரிக்கர் கைக்குப் போயிற்று. இடையே ஜப்பானியர் ஆண்ட மூன்றாண்டுகள் நீங்கலாக, 1992 நவம்பர் வரையில் அது அமெரிக்கக் கடற்படையின் வீடாகவே இருந்தது.

நான் அங்கே சென்றது அவர்கள் போன பிறகு. 1997ஆம் ஆண்டில் நான் ஒரு சரக்குக் கப்பலில் தலைமைப் பொறியாளனாக இருந்தேன். குளிர்நீர்க் குழாய்கள் அரித்துப் போனமையால், எங்கள் கப்பல் மூன்று வாரம் சூபிக்கில் நின்றது. பற்றவைப்பு வேலைக்கு வந்த குழுவின் தலைவர் அறுபதை நெருங்கிய ஒரு பிலிப்பினோ. இளையவர்கள் அவரைத் 'தத்தாய்' என்று அழைத்தனர். அவர்கள் மொழியில் அதற்குத் தந்தை என்று பொருள். என் காதுக்கு அது நம் 'தாத்தா'வாக ஒலித்தது. நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என்னைக் கப்பல் வழக்கப்படி 'சீஃப்' என்றார். முப்பது ஆண்டுகள் அமெரிக்கத் தளத்தின் கப்பல் பழுதுபார்ப்புத் துறையில் உழைத்தவர். உணவு வேளைகளில் அவர் சொன்னவற்றையே பெரும்பாலும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பொறியாளன் என்பதால் நான் முதலில் விசாரித்தது பழைய மிதவைத் துறையைப் பற்றியே. கப்பலைத் தன்மேல் ஏற்றி நீருக்கு வெளியே தூக்கும் அந்த எஃகுப் பெருந்தொட்டியின் பெயர் டியூயி. நீளம் ஏறத்தாழ 500 அடி. 1905 டிசம்பரில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அதைக் கட்டியிழுத்துப் புறப்பட்டனர். அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் தாண்டி, சூயெஸ் கால்வாய் வழியாக, நம் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, 1906 ஜூலையில் ஒலொங்கப்போ சேர்ந்தனர். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயணம்! அலையில் ஆடும் ஒரு கட்டடத்தைக் கயிறு கட்டி உலகில் பாதி தூரம் இழுப்பது என்ன வேலை என்பது கடலோடிகளுக்குத் தெரியும். 1942இல், ஜப்பானியரிடம் சிக்கிவிடக் கூடாதென்று, அமெரிக்கர்களே அதை மூழ்கடித்துவிட்டனர்.

ஒலொங்கப்போ என்றேன் அல்லவா? தளத்தின் மதிலை ஒட்டிய ஊர் அது. பிலிப்பைன்ஸ் 1946இல் விடுதலை பெற்றது. 1947இல் செய்துகொண்ட உடன்படிக்கை தளங்களை 99 ஆண்டுகளுக்கு அமெரிக்காவுக்கு அளித்தது. அதன் பயனாக, ஒலொங்கப்போ ஊரையே அமெரிக்கக் கடற்படை ஆண்டது. சுதந்திர நாட்டின் ஓர் ஊரில் அந்நியக் கடற்படையின் ஆட்சி! 1959 டிசம்பரில்தான் அவ்வூர் பிலிப்பைன்ஸ் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. என் நண்பர் அந்த நாளை நன்றாக நினைவு வைத்திருந்தார். மறுநாள் காலையில் எல்லாம் முன்போலவே இருந்தது தமக்கு ஏமாற்றமாக இருந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவர் பிறந்த ஊர் ஒலொங்கப்போ அன்று. வளைகுடாவின் மறுகரையில் கூபி முனைக்கு அருகே பனிகாயின் என்னும் மீனவச் சிற்றூர் இருந்தது. கொரியப் போர்க் காலத்தில், விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு அருகிலேயே ஒரு விமானத்தளம் வேண்டுமென அமெரிக்கர் முடிவு செய்தனர். 1951இல் வேலை தொடங்கிற்று. கடற்படையின் கட்டுமானப் படையினர் மலையை வெட்டிச் சாய்த்தனர், காட்டை அழித்தனர், மண்ணைக் கடலில் கொட்டி நிலமாக்கினர். 1956 ஜூலையில், ஏறத்தாழ இரண்டு மைல் நீள ஓடுபாதையுடன் கூபி முனைத் தளம் திறக்கப்பட்டது. பனிகாயின் மக்கள் ஒலொங்கப்போவுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்கள் குடியேறிய பகுதிக்குப் புதிய பனிகாயின் என்று பெயராயிற்று. பழைய ஊர் 45 அடி மண்ணுக்குக் கீழே கிடக்கிறது.

"எனக்குப் பத்து வயது, சீஃப். அம்மா கோழிகளையும் அரிசிப் பானையையும் படகில் ஏற்றினாள். மாமரத்தை ஏற்ற முடியவில்லை என்று அழுதாள்" என்றார் அவர். பதினோராண்டு கழித்து, அதே தளத்தில் வேலை கேட்டு வரிசையில் நின்றார். வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை. மாலையில் வாயிலில் சோதனை. பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் அமெரிக்கனுக்குப் பன்மடங்கு ஊதியம். ஆயினும் ஒலொங்கப்போவில் வேறெங்கும் கிடைக்காத சம்பளம் அது. பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அதுவே. தொழிலை அங்கேதான் கற்றதாக அவர் நன்றியுடன் கூறினார். ஒரே மூச்சில் மனக்குறையையும் நன்றியையும் சொல்ல அவரால் முடிந்தது.

வியத்நாம் போர் வந்ததும் தளம் உறங்கவேயில்லை. 1964இல் மாதத்துக்கு 98 கப்பல்கள் வந்தன. 1967இல் அது 215 ஆயிற்று. ஒரு விமானந்தாங்கி கரையணைந்தால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே மாலையில் ஊருக்குள் இறங்குவர். தளத்தின் பெருவாயிலுக்கும் ஊருக்கும் இடையே ஒரு சாக்கடைக் கால்வாய்; அதன்மேல் ஒரு பாலம். பாலத்தின் கீழே சிறுபடகுகளில் குழந்தைகள் நின்று, மாலுமிகள் எறியும் காசுக்காக அந்த அழுக்கு நீரில் மூழ்குவார்கள். அதற்கப்பால் மக்சாய்சாய் வீதியில் நூற்றுக்கணக்கான மதுக்கடைகள். நாட்டுப்புறங்களிலிருந்து வறுமையால் துரத்தப்பட்டு வந்த பெண்கள் அங்கே வாழ்ந்த வாழ்வை விரிப்பது இந்தப் பேச்சின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தந்தையின் முகமறியாத பிள்ளைகள் பல்லாயிரவர் அத்தளங்களைச் சூழ்ந்த ஊர்களில் வளர்ந்தனர் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அவர் குழுவில் ஓர் இளைஞன் அத்தகையவன். நீலக் கண்கள், வேலையில் கெட்டிக்காரன்.

மலைக்காட்டில் வாழும் ஆய்த்தா என்னும் பழங்குடியினரையும் சொல்லாமல் விடலாகாது. கொடியை வெட்டிக் குடிநீர் பெறுவது எப்படி, மூங்கிலுக்குள் சோறு சமைப்பது எப்படி என்று, வியத்நாமுக்குச் செல்லும் விமானிகளுக்கு அவர்களே கற்பித்தனர். உலகின் மிகப் பெரிய கடற்படை அந்த எளிய மனிதர்களிடம் மாணவனாக அமர்ந்ததை நான் பெரிதும் விரும்பிக் கேட்டேன்.

1969 ஜூனில் தென்சீனக் கடலில் ஒரு கூட்டுப் பயிற்சி நடந்தது. ஆஸ்திரேலிய விமானந்தாங்கியாகிய மெல்போர்னின் குறுக்கே சென்ற ஃபிராங்க் எவன்ஸ் என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. முன்பாதி சில நிமிடங்களில் மூழ்கிற்று. 74 பேர் மாண்டனர். பின்பாதியை மட்டும் சூபிக்குக் கொண்டுவந்தனர். பயன்படும் பொறிகளைக் கழற்றச் சென்றவர்களுள் நம் நண்பரும் ஒருவர். "பாதிக் கப்பலுக்குள் நடந்திருக்கிறீர்களா, சீஃப்? கதவைத் திறந்தால் கடல்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி முடிவுக்கு வருவோம். 99 ஆண்டுக் காலம் 1966இல் குறைக்கப்பட்டு, 1991 செப்டம்பர் 16 கெடுவாயிற்று. கெடுவுக்கு மூன்று மாதம் முன்பு, ஜூன் 15ஆம் நாள், பல நூற்றாண்டுகள் அடங்கிக் கிடந்த பினத்துபோ எரிமலை வெடித்தது. அன்றே புயலும் வந்தது. சாம்பல் மழையில் நனைந்து ஈரச் சுமையாகிக் கூரைகளை வீழ்த்திற்று. நண்பகலில் இருள் சூழ்ந்தது. ஏறத்தாழ 20,000 அமெரிக்கக் குடும்பத்தினரும் படையினரும் கப்பல்களில் அப்புறப்படுத்தப்பட்டனர். ஒலொங்கப்போ மக்களுக்கு அத்தகைய கப்பல் இல்லை. அவர்கள் கூரைமேலேறிச் சாம்பலை வாரினர்.

செப்டம்பர் 16ஆம் நாள், ஜோவித்தோ சலோங்கா தலைமையில் கூடிய மேலவை, சூபிக்கை மேலும் பத்தாண்டு அளிக்கும் புதிய உடன்படிக்கையை ஆய்ந்தது. அதை ஏற்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஏற்போர் 11 பேர். மறுத்தோர் 12 பேர். உடன்படிக்கை வீழ்ந்தது. மணிலாவில் ஆரவாரம். ஒலொங்கப்போவில் வானொலியைச் சுற்றி நின்றவர்கள் அழுதனர். ஏறத்தாழ 40,000 பேரின் பிழைப்பு அத்தளத்தைச் சார்ந்திருந்தது.

"நீங்கள் அழுதீர்களா?" என்று கேட்டேன்.

"என் மனைவி அழுதாள். நான் அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். திட்டுவதற்கா, வணங்குவதற்கா என்று அன்று எனக்கே தெரியவில்லை."

1992 நவம்பர் 24ஆம் நாள் கொடி இறங்கியது. கடைசிப் போர்க்கப்பல் வெளியேறியது. மிதவைத் துறைகள் முன்னரே இழுத்துச் செல்லப்பட்டிருந்தன. சாம்பலில் புதைந்து கைவிடப்பட்ட கிளார்க் விமானத்தளத்தைக் கொள்ளையர் சுரண்டிவிட்டிருந்தனர். அக்கதி சூபிக்குக் கூடாதென்று, நகரத் தலைவர் ரிச்சர்ட் கோர்டன் அழைத்ததும், ஏறத்தாழ 8,000 பேர் ஊதியமின்றிக் காவல் நின்றனர், புல் வெட்டினர். வேலை இழந்த நம் நண்பர், தாம் பணிபுரிந்த பட்டறையின் வாசலில் இரவுக் காவலராக மாதக்கணக்கில் நின்றார். ஒரு திருகாணிகூடப் போகவில்லை என்று பெருமையுடன் சொன்னார்.

புறப்படுவதற்கு முந்திய மாலை அவர் என்னைக் கூபி முனைக்கு அழைத்துச் சென்றார். தனி வணிக மண்டலமாகிவிட்ட அவ்விடத்தில் அப்போது ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் சரக்கு விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. 2009இல் அவையும் சீனாவுக்கு இடம் மாறின. வேலியோரம் நின்று, மலையின் வெட்டுமுகத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்து, ஓடுபாதையில் ஓரிடத்தைச் சுட்டினார். "மாமரம் அங்கே."

அமெரிக்கர் போனது நல்லதா என்று அங்கேதான் கேட்டேன். அவர் நெடுநேரம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "என் மூத்த மகன் சவுதி அரேபியாவில் பற்றவைக்கிறான், சீஃப். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவான். போனது சரிதான் என்று அவன் சொல்கிறான். நான் அவனைப் பார்க்காத நாட்களில் எனக்கு அது சரியென்று தோன்றுவதில்லை."

மறுநாள் அதிகாலையில் அவர் மீண்டும் கப்பலுக்கு வந்தார். கூலி முடிந்துவிட்டது, வர வேண்டிய தேவையில்லை. இயந்திர அறைக்குள் இறங்கி, தாம் பற்றவைத்த இணைப்புகளை விளக்கு வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைக் குலுக்கிவிட்டு ஏணியேறிப் போனார். நான் அக்கப்பலில் இருந்த நான்காண்டுகளில் அந்தக் குழாய்கள் ஒருமுறையும் கசியவில்லை.