யப்பானியர்: ஒரு கிழவரின் கைகள்



யப்பான் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவுக்கு வருவது வீதியில் ஓடும் வாகனமும் வீட்டிலுள்ள வானொலிப் பெட்டியுமே. இலக்கியத்தில் நாட்டமுள்ளவர்கள் ஹைக்கூவைச் சேர்த்துக்கொள்வார்கள். இவற்றைச் செய்த மக்களின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த ஒரு சம்பவத்தையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நாட்டைப் பார்ப்போம். ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகோக்கு, கியூஷு ஆகிய நான்கு பெருந்தீவுகளும் ஆயிரக்கணக்கான சிறுதீவுகளும் சேர்ந்ததே யப்பான். நிலத்தின் முக்காற் பங்கு மலை. 3,776 மீற்றர் உயரமான பியூஜி மலை கடைசியாக 1707இல் நெருப்பைக் கக்கியது. எஞ்சிய சமவெளியிலேதான் வயல்களும் நகரங்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சீனாவிலிருந்து எழுத்தும், 6ஆம் நூற்றாண்டில் கொரியா வழியாகப் பௌத்தமும் வந்தன. கடன் வாங்கிய எழுத்திலிருந்து தமக்கென ஓர் எழுத்துமுறையை யப்பானியர் உருவாக்கினார்கள். அதிலே முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கெஞ்சியின் கதை'யை எழுதினார்.

17ஆம் நூற்றாண்டில் தொக்குகாவா ஆட்சியாளர்கள் கதவை அடைத்தார்கள். ஐரோப்பியரில் ஒல்லாந்தருக்கு மட்டும் இடம் கிடைத்தது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே ஒல்லாந்தக் கம்பனிதான்! இங்கே கோட்டையில் இருந்து ஆண்டவர்கள், அங்கே நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆயினும் அந்தச் சாளரத்தின் வழியே புத்தகங்கள் நுழைந்தன.

1771இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், மரணதண்டனை பெற்ற ஒருவரின் உடலை அறுத்துக் காட்டுவதைப் பார்க்கச் சில வைத்தியர்கள் சென்றார்கள். சுகிதா கென்பக்கு, மாயெனோ ரியோதக்கு என்ற இருவரும் ஒரே ஒல்லாந்த உடற்கூற்று நூலின் பிரதிகளைத் தனித்தனியே கொண்டுவந்திருந்தார்கள். உடலின் உள்ளே கண்டது நூலின் படங்களோடு அச்சொட்டாகப் பொருந்தியது. சீன வைத்திய நூல்களில் தாம் கற்றதோடு பொருந்தவில்லை. வெட்கமும் வியப்புமாகத் திரும்பிய அவர்கள் அந்த நூலை மொழிபெயர்க்கத் தீர்மானித்தார்கள்.

சுகிதாவுக்கு ஒல்லாந்த அரிச்சுவடிகூடத் தெரியாது. ரியோதக்குவுக்கு ஓரளவு சொற்கள் தெரியும். நல்ல அகராதியும் இல்லை. கண்ணிமைக்கு மேலுள்ள மயிர் புருவம் என்ற ஒரு வாக்கியத்தோடு ஒரு பகல் முழுவதும் மல்லாடியதைச் சுகிதா தம் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். மொழிபெயர்ப்பில் கைவைத்த எவருக்கும் அந்தப் பகல் புரியும். 1774இல் நூல் வெளிவந்தது. நரம்புக்கு யப்பானியர் இன்றும் வழங்கும் 'ஷின்கெய்' என்ற சொல் அதிலே பிறந்தது.

சரி, அந்த உடலை அறுத்தவர் யார்? வைத்தியர்கள் அல்லர். பிணத்தையும் தோலையும் தொடும் தொழிலால் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த, 90 வயதுக் கிழவர் ஒருவர். வழமையாக அறுப்பவர் நோயுற்றதால் அவருடைய பாட்டனார் வந்தாராம். இது இதயம், இது ஈரல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பெயரில்லாத உறுப்புகளையும் சுட்டி, தாம் இளமை முதல் அறுத்த உடல்கள் எல்லாவற்றிலும் இவை இருந்தன என்றார். முன்பு வந்த வைத்தியர்கள் எவரும் அவை என்னவென்று கேட்டதில்லை என்றும் சொன்னார். பேரனின் பெயரைச் சொல்லும் சுகிதாவின் நினைவுக்குறிப்பில் கிழவரின் பெயர் இல்லை.

யப்பானியர் சாதிப் பிளவற்ற ஒரே இனம் என்று நம்மிடையே பேசுவோர் உண்டு. வடக்கின் ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டம் ஏற்றது 2019இல் தான். ஒதுக்கப்பட்டோர் என்ற நிலையை மெய்ஜி அரசு 1871இல் ஒழித்தது, கடதாசியில். திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கல் தொடர்ந்தது.

ஷிமாசாகி டோசனின் 'ஹக்காய்' என்ற நாவல் 1906இல் வந்தது. நான் அதை ஆங்கிலத்திலேதான் வாசித்தேன். குலத்தை எவரிடமும் சொல்லாதே என்பது தந்தையின் கட்டளை. ஆசிரியனான மகன் ஒருநாள் அதை மீறி, தன் மாணவர்களிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். அவன் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? அந்த இடத்தில் எனக்கு டோசன்மீது கோபமே வந்தது. கடைசியில் அவனை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு அனுப்ப ஆயத்தமாகிறார் நாவலாசிரியர். அவனுக்கு யப்பானுக்குள் ஒரு வாழ்வைக் கற்பனை செய்ய அவரால் முடியவில்லை.