மலையோடையும் தூண்டிற்கோலும்

ஒரு நாட்டின் வரலாற்றை உணர்த்துவன அரசர்தம் போர்களும் ஆட்சியாளர்தம் சட்டங்களும் மட்டுமல்ல. மக்கள் கையாண்ட சிறு கருவிகளும் அதனை உணர்த்தவல்லன. இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஆங்கிலத் தோட்டத் துரைமார் கையாண்ட தூண்டிற்கோல் அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகும்.

1869ஆம் ஆண்டிற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. அம்மாற்றம் நிகழ்ந்த காலத்திலேயே, 1880களில், ட்ரவுட் மீனின் முட்டைகள் கடல்கடந்து கொணரப்பட்டு நுவரெலியாவிற் பொரிக்கப்பட்டன. குளிர்ந்து தெளிந்தோடும் நீரிலன்றி இம்மீன் வாழாது. 6,000 அடிக்கு மேற்பட்ட அம்மலைகள் அதற்கு இசைந்தன. ஐரோப்பாவிற்குரிய பழுப்பு இனம் இங்கு நன்கு பெருகவில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குரிய வானவில் இனமோ ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இயல்பாகவே பெருகிற்று. 1896ஆம் ஆண்டில் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது.

இம்மீனைப் பிடிப்போர் இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கை ஈயைப் பயன்படுத்துவர். அஃது எடையற்றதாகலின், அதனைத் தொலைவிற்குக் கொண்டு செல்வது கயிற்றின் எடையே. அவ்வெடையால் வளைந்த கோல் நிமிருங்கால் கயிறு முன்னோக்கிப் பாயும். பேராற்றில் நெடுந்தொலைவு வீசுதற்கு நீண்ட கோல் வேண்டும். மரக்கிளை கவிந்த சிற்றோடையிலோ 15 அல்லது 20 அடிக் கயிறே வெளிச்செல்லும். அச்சிறிய எடைக்கு விறைத்த கோல் வளையாது. ஆதலின் 7 அடி அளவான, நன்கு நெகிழும் கோலே அங்குப் பொருந்தும். புல்வெளியூடே ஓடும் ஹோட்டன் சமவெளி ஓடைகளிற் கிளைத்தடை குறைவு. அங்கு 8 அல்லது 9 அடிக் கோல், கயிறு கரைப்புல்லிற் சிக்காது உயர்த்திப் பிடிக்க உதவும். கோலைத் தேர்பவன் அதன் விலையை நோக்குமுன் ஓடையை நோக்குதல் வேண்டும்.

தொடக்கத்திற் கயானா நாட்டின் கிறீன்ஹாட் மரத்தாலாகிய கோல்கள் வழங்கின. அவை எடை மிக்கன. பின்னர்ச் சீன மூங்கிலைப் பிளந்து, ஆறு கீற்றுகளை ஒட்டிச் செய்த இலகுவான கோல்கள் சிறந்தன. எனினும் பழைய விலங்குப் பசை ஈரத்தில் இளகுமாதலின், மழைமிக்க மலைநாட்டில் அவற்றை உலர்த்திப் பேண வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் கண்ணாடி இழையும், 1970களிற் கரிய இழையும் அவற்றின் இடத்தைப் பெற்றன.

மீன் மேலைநாட்டது, மரம் கயானாவினது, மூங்கில் சீனத்தது. அவ்வோடைக் கரைகளிற் காடழித்துத் தேயிலை வளர்த்தோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர். கொணர்ந்த மீனுக்குப் பொரிப்பகமும் கழகமும் அமைந்தன. அத்தொழிலாளருட் பெரும்பாலோரோ 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டிலேயே எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. மலைநாட்டின் பொழுதுபோக்கு வரலாற்றை எழுதுவோர், கோலைப் பிடித்த கையோடு கொழுந்து பறித்த கையையும் எழுதுதல் கடனாகும்.