மூச்சுக்காற்றும் ஓவியமும்

முன்னோர் விட்டுச்சென்ற கலைச்செல்வங்களைப் பேணிக் காப்பது திருச்சபையின் தொன்மையான பணிகளுள் ஒன்று. ஆனால் அவ்வாறு காப்பதற்கு ஆகும் மின்னாற்றல் எவ்வளவு, அதன் சுமையை யார் தாங்குகின்றனர் என்னும் கேள்விகள் அண்மைக் காலத்திலேதான் எழுந்தன. வத்திக்கான் அருங்காட்சியகத்தின் மணிமகுடமாகத் திகழும் சிஸ்டைன் சிற்றாலயத்தின் வரலாறு இக்கேள்விகளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் எழுப்பிய இச்சிற்றாலயம் 1483ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், தேவ அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று அர்ச்சிக்கப்பட்டது. மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை இதன் விதானத்தையும், 1536 முதல் 1541 வரை பீடத்தின் பின்சுவரில் இறுதித் தீர்வையையும் தீட்டினார். ஈரம் உலராத சுண்ணச் சாந்தின்மீது வண்ணத்தைப் படியவைக்கும் முறையில் அமைந்தவை இவ்வோவியங்கள். சாந்து இறுகும்போது வண்ணமும் சுவரோடு ஒன்றிவிடும். ஆகவே சுவருக்கு நேர்வது எதுவோ அது ஓவியத்திற்கும் நேரும்.

நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மெழுகுவர்த்திகளின் கரியும், தூபத்தின் புகையும், நகரத்தின் தூசியும் அவற்றின்மேல் படிந்தன. பழுது பார்க்க வந்தவர்கள் பூசிய பசையும் நாளடைவில் கறுத்தது. 1980இல் தொடங்கிய பெரும் தூய்மைப்பணி இறுதித் தீர்வையோடு முற்றுப்பெற, 1994 ஏப்ரல் 8ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே நன்றித் திருப்பலி நிறைவேற்றினார். மறைந்திருந்த பச்சையும் நீலமும் செம்மஞ்சளும் மீண்டும் ஒளிர்ந்தன.

ஒளிர்ந்ததைக் காண உலகமே திரண்டது. அங்கேதான் புதிய இடர் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட குளிர்சாதன ஏற்பாடு, ஒரு நேரத்தில் ஏறத்தாழ 700 பேரை மனத்தில் கொண்டு திட்டமிடப்பட்டது. பின்னாளில் ஒரே நேரத்தில் 2,000 பேர்வரை உள்ளே நின்றனர். சில நாள்களில் வருகையாளர் தொகை 20,000ஐ எட்டியது. ஒவ்வொருவரும் வெப்பத்தையும் வியர்வையின் ஈரத்தையும் ஆடையில் ஒட்டிய தூசியையும் கொண்டுவந்தனர். மூச்சில் வெளியேறும் கரியமில வாயு ஈரத்தோடு கலந்தால் மெல்லிய அமிலமாகும். அது சாந்திலுள்ள சுண்ணத்தைக் கரைக்கும். ஈரம் உலர்ந்ததும் அச்சுண்ணம் வெண்பொடியாக மேற்பரப்பில் படியும். 2010ஆம் ஆண்டில் சில பகுதிகளில் இவ்வெண்மை கண்டறியப்பட்டது. அழகை வியந்து நோக்கும் பக்தரின் மூச்சே அவ்வழகை மங்கச் செய்வது எத்துணை வேதனைக்குரியது!

மைக்கேல் ஆஞ்சலோ மறைந்து 450 ஆண்டுகள் நிறைவுற்ற 2014இல் புதிய ஏற்பாடுகள் செயலுக்கு வந்தன. உள்ளிருப்போரின் தொகையை உணர்ந்து, அதற்கேற்பக் காற்றை அளவிட்டுச் செலுத்தும் கருவிகள் பொருத்தப்பட்டன. ஏறத்தாழ 7,000 எல்.இ.டி. விளக்குகள் ஏற்றப்பட்டன. ஒளி பன்மடங்கு பெருக, விளக்குகளுக்கான மின்செலவோ பாதிக்கும் கீழே குறைந்தது. இவையனைத்தையும்விட முக்கியமானது, அருங்காட்சியகத்தின் அந்நாளைய இயக்குநர் அந்தோனியோ பவுலூச்சி கூறியது. ஆண்டுக்கு 60 இலட்சம் பேர் என்பதே மேல்எல்லை என்றார் அவர். ஆயினும் 2024இல் அருங்காட்சியகத்திற்கு வந்தோர் 68 இலட்சத்தைக் கடந்தனர். நுழைவுக் கட்டணம் வத்திக்கானின் முக்கிய வருவாய் என்பதையும் நாம் மறத்தலாகாது. அனைவருக்கும் கதவைத் திறப்பது அன்பின் கடமை. நாளை வருவோருக்கும் ஓவியத்தை விட்டுவைப்பதும் அதே அன்பின் கடமையே. இவ்விரண்டுக்கும் இடையே இழுபறி இன்றும் தீர்ந்தபாடில்லை.

சுவருக்குள் நிகழும் இக்காவலோடு சுவருக்கு வெளியேயும் சில முயற்சிகள் தொடர்ந்தன. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் காலத்தில், 2008இல், ஆறாம் சின்னப்பர் அரங்கின் கூரைமீது ஏறத்தாழ 2,400 சூரிய ஒளித் தகடுகள் பதிக்கப்பட்டன. அவை ஆண்டுக்குச் சுமார் 3 இலட்சம் யூனிட் மின்சாரம் தருபவை. வத்திக்கான் தோட்டத்துப் பளிங்குச் சிலைகளில் படரும் பாசியை அகற்ற, நச்சு வேதிப்பொருள்களுக்குப் பதிலாக மூலிகைத் தைலங்களை அருங்காட்சியக வல்லுநர் ஆய்ந்து பயன்படுத்தினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். 2024இல், உரோமைக்கு அருகே வத்திக்கான் வானொலி நிலையம் அமைந்துள்ள சாந்தா மரியா தி கலேரியா நிலப்பகுதியில், பயிர்த்தொழிலும் நடைபெற, சூரிய மின்நிலையம் அமைக்க ஆணையிட்டார். அவ்வாணைக்கு 'சகோதரன் சூரியன்' எனப் பெயரிட்டது அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவை நினைவூட்டுகின்றது.

படைப்பின் தொடக்கத்திலேயே தோட்டத்தில் உழைக்கவும் அதைப் பேணவும் மனிதன் அமர்த்தப்பட்டான் எனத் தொடக்க நூல் கற்பிக்கின்றது. அச்சிற்றாலயத்தின் விதானத்தில் தீட்டப்பட்டிருப்பதும் அப்படைப்பின் வரலாறே. படைப்பைச் சித்திரித்த ஓவியத்தைக் காக்கப் படைப்பையே வாட்டும் முறைகளைக் கையாளுதல் பொருந்தாது. கருவிகள் உதவும், ஆனால் எவ்வளவு போதும் என்று வரையறுக்கும் தன்னடக்கத்தை எக்கருவியும் நமக்குத் தராது. திருச்சபையின் தவக்கால ஒறுத்தல் நெடுங்காலமாக நமக்குப் பயிற்றுவிப்பது அதைத்தானே!

நம் பங்குகளிலும் உயர்ந்த சாளரங்களும் சுண்ணச் சாந்துச் சுவர்களும் கொண்ட பழைய ஆலயங்கள் உள்ளன. சாளரங்களை அடைத்துக் குளிர்சாதனம் பொருத்துமுன், காற்றோட்டத்தை நம்பி அவற்றைக் கட்டியோரின் கருத்து யாது என ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். நாம் பெற்றுக்கொண்ட ஆலயத்தையும் அதைச் சூழ்ந்த காற்றையும், நமக்குப் பின் அங்கே முழந்தாளிட வருவோருக்குக் குறைவின்றி ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.