நெல்லிக்குப்பம் சர்க்கரையும் மல்லாட்டை கேக்கும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டிச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நெல்லிக்குப்பம். அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டும் ஊர். பாரி நிறுவனம் இங்கே சர்க்கரை ஆலையைத் தொடங்கியது 1842-ல். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை இதுதான் என்பது அந்த நிறுவனத்தின் பெருமை. நிறுவனர் தாமஸ் பாரி இதைப் பார்க்கவில்லை; 1824-லேயே காலராவில் இறந்து கடலூரில் அடக்கமாகிவிட்டார்.

அதே வட்டாரத்து அடுப்படிகளுக்கு இப்போது சர்க்கரையும் மைதாவும் இல்லாத சாக்லேட் கேக் வந்து சேர்ந்திருக்கிறது. கேட்டால் புதுசு என்பார்கள். மாவில்லாத கேக்குக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

நெல்லிக்குப்பத்தில் ஆலை ஓடத் தொடங்கிய காலத்திலேயே பாரிஸ் மருத்துவர் பூஷர்தா, ஸ்டார்ச்சைக் கழுவி நீக்கிய கோதுமைப் புரதத்தில் நீரிழிவுக்காரர்களுக்கு ரொட்டி சுட வைத்தார். 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டு நகரமே பட்டினி கிடந்தபோது, தன் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததையும் கவனித்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையின் பிரெடரிக் பேவி 1860-களில் பாதாமைக் கையில் எடுத்தார். பாதாமில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் போகட்டும் என்று, புளிப்பு சேர்த்த கொதிநீரில் அலசி, முட்டையோடு கலந்து சுடச் சொன்னார். ருசிக்காக யாரும் அதைத் தின்றிருக்க மாட்டார்கள். 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை, மருத்துவர்கள் கையில் இருந்தது பத்தியம் மட்டும்தான்.

இன்சுலின் வந்ததும் பாதாம் கேக் மறந்துபோனது. 1972-ல் அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் மாவுச்சத்துக் குறைப்பை மறுபடி பேச வைத்தது. தமிழில் அதைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன். அவருடைய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுவால், காலை இட்லிக்குப் பதில் எண்ணி 100 பாதாம் தின்னும் வழக்கமே நம்மூரில் உண்டானது. எண்ணி எண்ணித் தின்று சலித்தவர்கள் அதை அரைத்துக் கேக் ஆக்கியதில் ஆச்சரியம் இல்லை.

கோகோவும் நமக்கு அந்நியமில்லை. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி அம்பாய்னா தீவிலிருந்து கோகோவைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்து நட்டது. கசப்புக் கோகோ தூளில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான் என்றாலும், அதில் பெரும்பங்கு நார். வில்லங்கம் சாக்லேட் கட்டியில் சேரும் சர்க்கரையில் இருக்கிறது.

பாதாம் விலைக்குக் கடலூர்க்காரர் எதற்கு அழ வேண்டும்? இது மல்லாட்டை (நிலக்கடலை) பூமி. 19-ஆம் நூற்றாண்டில் பக்கத்துப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது தென்னாற்காட்டு மல்லாட்டை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் இன்றும் புது ரகங்கள் தருகிறது. 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து சுமார் 75 கிராம். மல்லாட்டையில் 16 கிராம், அதிலும் பாதி நார். பண்ருட்டி முந்திரியில் 30 கிராம் என்பதால் அதை மேலே தூவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

200 கிராம் மல்லாட்டையை இளம் வறுப்பாக வறுத்து, தோலைத் தேய்த்துப் புடைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். நாலு முட்டை, 100 கிராம் வெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சர்க்கரைக்குப் பதில் பொடித்த எரித்ரிடால் சேர்த்துக் கலக்க வேண்டும். ஓவன் இல்லாவிட்டால் குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, சிறுதீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். மைதாவின் பிடிமானம் கிடையாது, முட்டைதான் தாங்குகிறது. சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துபோகும். நாட்டுச்சர்க்கரை போட்டால் உடம்புக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 சதவீதம்; கடலூரை ஒட்டிய புதுச்சேரியில் 26.3. பேக்கரியில் 'சுகர் ஃப்ரீ' கேக் வாங்குகிறவர்கள், அதில் மைதா இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.