ஜோசப் கார்னெலின் விளையாட்டுப் பெட்டிகள்

சின்ன வயதில் நாம் செய்த காகிதக் கப்பல், களிமண் பொம்மை எல்லாம் எங்கே போயின? பெரும்பாலும் குப்பைக்குத்தான். ஆனால் இது மாதிரி சின்னச் சின்னப் பொருட்களையே கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் அடுக்கிப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் ஜோசப் கார்னெல் (1903-1972).

ஓவியப் பள்ளிக்கே போகாதவர். 1917-ல் அப்பா இறந்தார். குடும்பத்துக்காகத் துணி விற்பனையாளர் வேலைக்குப் போனார். தம்பி ராபர்ட்டுக்குப் பெருமூளை வாதம். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் பெட்டிகள் செய்தார். 1936-ல் செய்த ஒன்றில் சோப்புக் குமிழி ஊதும் களிமண் குழாய், பொம்மைத் தலை, நிலாவின் வரைபடம்! இன்னொன்றில் பந்தைப் போட்டால் உருண்டு போய் மணி அடிக்கும்.

1965-ல் ராபர்ட் இறந்தார். மறு ஆண்டு நடந்த நினைவுக் கண்காட்சியில் தம்பி வரைந்த படங்களையும் தன் படைப்புகளோடு சேர்த்து வைத்தார் அண்ணன். 1972-ல் கூப்பர் யூனியனில் குழந்தைகளுக்காகவே ஒரு கண்காட்சி. பெட்டிகள் அவர்களின் கண் உயரத்தில் இருந்தன, கேக்கும் உண்டு. அதே டிசம்பரில் கார்னெல் மறைந்தார்.

இன்று அந்தப் பெட்டிகள் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. பார்க்கலாம், தொடக்கூடாது. விளையாடச் செய்ததை விளையாடவிடாமல் காப்பாற்றுவது சரிதானா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.