வரியற்ற தசையின் அடையாளம்: மயோசின் முதல் மயோகார்டின் வரை

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மருத்துவக் கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் முதலாண்டு மாணவர் நுண்ணோக்கியில் காணும் திசுக்களுள் ஒன்று மென்தசை. பாடநூல்கள் இதனை வரியற்ற தசை என்றும் வழங்குகின்றன. இல்லாத ஒன்றைக் கொண்டு அமைந்த பெயர் அது. இத்தசை கதிர்க்கோல் வடிவச் செல்களால் ஆனது எனக் கோலிக்கர் 1840களில் நிறுவினார். அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வடிவமே அடையாளமாக நின்றது. வளரும் கருவில் அவ்வடையாளம் போதாது. அங்கு முதிராத செல்கள் ஒன்றையொன்று ஒத்தே தோன்றும்.

ஆகவே ஆய்வு புரதத்தை நோக்கித் திரும்பியது. 1986இல் ஆல்ஃபா ஆக்டினுக்குரிய எதிர்ப்பொருள் கிடைத்தது. ஆயினும் அப்புரதம் கருவின் இதயத்திலும் எலும்புத்தசையிலும் தற்காலிகமாகத் தோன்றும். ஆறும் புண்ணின் நார்ச்செல்களிலும் காணப்படும். எனவே அதன் சான்று ஐயத்திற்குரியதாயிற்று. 1989இல் நாகாய், குரோ-ஓ, பாபிஜ், முத்து பெரியசாமி ஆகியோர் வரியற்ற தசைக்குரிய மயோசின் கனச்சங்கிலியில் இரு வகைகள் உள்ளதை நிறுவினர். 1994இல் மியானோ, பெரியசாமி, ஓல்சன் உள்ளிட்டோர் அதன் தூது ஆர்.என்.ஏ.வைச் சுண்டெலிக் கருவில் தேடினர். 10.5ஆம் நாளில் பெருந்தமனியில் அது முதன்முதலாகத் தென்பட்டது. இதயத்திலோ எலும்புத்தசையிலோ தென்படவில்லை. தமிழில் எழுதப்படும் உயிரியல் வரலாறுகள் பெரியசாமியின் பெயரைத் தவறவிடலாகாது.

அடையாளம் கிடைத்தது, அதனை எழுப்புவது எது என்னும் வினா எஞ்சியது. இத்தசைக்குரிய மரபணுக்கள் பலவற்றின் கட்டுப்பாட்டுப் பகுதியில் சிஆர்க் என்னும் குறுந்தொடர் உண்டு. அதனைப் பற்றும் எஸ்.ஆர்.எஃப். புரதத்தின் மரபணு 1988இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அப்புரதம் பெருக்கத்திற்குரிய மரபணுக்களையும் தூண்டும். பலவகைத் திசுக்களிலும் உள்ளது. எங்கும் உள்ள ஒன்று ஓரிடத்துத் தசையை மட்டும் எவ்வாறு ஆக்கும்? 2001இல் ஓல்சன் குழுவினர் கண்ட மயோகார்டின் இதற்கு விடையாயிற்று. இதய மரபணுக்களின் துணைப்புரதமாகவே அது முதலில் அறிவிக்கப்பட்டது. 2003இல் வெளியான ஆய்வில், அம்மரபணு செயலிழந்த சுண்டெலிக் கருக்கள் 10.5ஆம் நாளுக்குள் இறந்தன. குருதிக்குழல்களில் வரியற்ற தசை உருவான தடயமே இல்லை. மயோசின் முதலில் தென்பட்ட நாளும் அதுவே என்பது நோக்கத்தக்கது.

2004இல் எதிர்த்திசையும் விளங்கியது. வளர்ச்சிக் காரணியின் தூண்டலால் எல்க்-1 புரதம் பாஸ்பேட்டை ஏற்று, எஸ்.ஆர்.எஃப்.இல் மயோகார்டின் அமரும் இடத்திற்குப் போட்டியிட்டு அதனை விலக்குகிறது. அப்போது செல் தன் தசைப்பண்பைக் குறைத்துக்கொள்கிறது. முதிர்ந்த எலும்புத்தசைச் செல் பொதுவாக இவ்வாறு பின்வாங்குவதில்லை. தமனித் தடிப்பில் மயோசினை இழந்த செல்களைக் காண்பதை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். மயோசினை மட்டும் குறிப்பானாகக் கொண்டு எண்ணினால், அச்செல்கள் தசை மரபினவாகக் கணக்கில் வாரா.